டீசல் பின்சக்கரத் தள்ளுகலம்: அமைப்பும் பொறியியலும்

கட்டியிழுத்தலைக் குறிக்கும் பெயரைத் தாங்கிக்கொண்டு தள்ளுதலையே தொழிலாகக் கொண்ட கலமொன்று ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி, ஒகையோ ஆகிய பேராறுகளில் வழங்கி வருகின்றது. ஆங்கிலத்தில் அதனை 'டோபோட்' என்பர். சொல்லின் நேர்ப்பொருளைக் கொண்டு அதனை இழுவைப் படகு எனத் தமிழாக்குவோமாயின் அதன் தொழிலையே மாற்றிக் கூறியவராவோம். ஆதலின் இக்கட்டுரையில் அது தள்ளுகலம் என்றே வழங்கப்படும். அக்கலத்தின் பின்புறத்தில், அதன் அகலத்தை ஏறத்தாழ முழுவதுமாக அடைத்து நிற்கும் துடுப்புச் சக்கரம் பின்சக்கரம் எனப்படும்.

இச்சக்கரத்தை நூறாண்டுக்கு மேலாக நீராவி சுழற்றியது. பின்னர், 1920களை ஒட்டிய சில பத்தாண்டுகளில், டீசல் எஞ்சின் சுழற்றியது. அதன்பின் சக்கரமே மறைந்தது. பழைய உடலில் புதிய பொறியைப் பொருத்திய இந்த இடைக்கால வடிவத்தை வெறும் விந்தையாகக் கருதி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அதன் அமைப்பை ஆராய்வோருக்கு ஓர் உண்மை புலனாகும். தள்ளுகலத்தின் பொறியை மதிப்பிடும் அளவுகோல் அது முன்னோக்கித் தள்ளும் வலு மட்டுமன்று. வேண்டிய கணத்தில் நின்று, பின்னோக்கி இயங்கும் ஆற்றலுமாகும். டீசல் பின்சக்கரக் கலத்தின் பிறப்பு, சிக்கல், மறைவு ஆகிய மூன்றையும் இவ்வளவுகோலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

தள்ளுதல் ஏன்?

கடலில் ஒரு கலம் பிறிதொரு கலத்தை நீண்ட வடத்தினாற் கட்டி இழுத்துச் செல்லும். அலையில் இரண்டும் வெவ்வேறாக ஏறி இறங்குவதால் அவற்றை இறுகப் பிணைத்தல் இயலாது. ஆற்றிலோ அலை சிறிது; வளைவுகள் பல; நீரோட்டம் வலிது. வடத்தின் நுனியில் வரும் மிதவை ஒவ்வொரு வளைவிலும் ஓட்டத்தால் அடித்துச் செல்லப்பட்டுக் கரையை மோதும். முன்செல்லும் கலம் வேகத்தைக் குறைத்தாலோ, பின்வரும் பாரம் அதன்மீதே வந்து ஏறும். மேலும், இழுக்கும் கலத்தின் சக்கரம் பின்னோக்கி எறியும் நீர் மிதவைகளின் முகத்தில் மோதி அவற்றைத் தடுக்கும்.

இக்காரணங்களால் பார்ஜ் எனப்படும் தட்டையான சரக்கு மிதவைகளைப் பக்கம் பக்கமாகவும் முன்பின்னாகவும் அடுக்கி, கம்பி வடங்களால் இறுகப் பிணைத்து, ஒரே தெப்பம் போலாக்கி, அதன் பின்னால் நின்று தள்ளும் முறை அந்த ஆறுகளில் நிலைபெற்றது. தள்ளுகலத்தின் முன்முகம் கூர்மையாக இராது, சதுரமாக வெட்டப்பட்டிருக்கும். அதில் இரண்டு வலிய செங்குத்துத் தாங்கிகள் நிற்கும். மிதவைகளின் பின்சுவரில் அவை அழுந்த, முழுத் தொகுதியும் ஒரே உடலாகும். ஆதலின் கலத்தின் சுக்கான் அந்தப் பேருடல் முழுவதற்குமே சுக்கானாகின்றது.

இம்முறையின் ஆற்றலுக்கு 'இசுப்பிரேக்' என்னும் நீராவிக் கலம் சான்றாகும். அயோவா மாநிலத்து டுபியூக் நகரில் 1901 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அது, பின்சக்கரத் தள்ளுகலங்களுள் மிகப் பெரியது. 1907 ஆம் ஆண்டில் அது 60 மிதவைகளில் 67,307 தொன் நிலக்கரியை ஒரே தொகுதியாகத் தள்ளிச் சென்றது. அத்துணைப் பாரம் ஓடும் ஆற்றில் மனிதர் வாழும் கரைகளுக்கும் பாலங்களின் தூண்களுக்கும் இடையே செல்வதை எண்ணிப் பார்க்குமிடத்து, அதனை நகர்த்துதலினும் நிறுத்துதலே அரிய செயல் என்பது தெளிவாகும்.

சக்கரம் ஏன் பின்புறத்தில்?

நீரில் இயங்கும் எக்கலமும் நீரைப் பின்னே தள்ளுவதாலேயே முன்னே செல்கின்றது. குறித்த உந்துவிசையைப் பெற இரு வழிகள் உண்டு. சிறிதளவு நீரை மிகு வேகத்தில் எறியலாம். அன்றிப் பெருமளவு நீரை மந்த வேகத்தில் தள்ளலாம். விசையானது நீரின் திணிவையும் வேகத்தையும் பொறுத்தது. செலவாகும் சத்தியோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பெருமளவு நீரை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனமான வழியாகும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஆழம் 4 அடியே உள்ள ஆற்றில் 3 அடி விட்டத்துக்கு மேற்பட்ட சுழலுந்தியைப் பொருத்துதல் அரிது. அதன் வட்டப்பரப்பு ஏறத்தாழ 7 சதுர அடி. அதே ஆற்றில் 20 அடி அகலமுள்ள பின்சக்கரத்தின் துடுப்புப் பலகைகள் 2 அடி ஆழத்துக்கு அமிழுமாயின் அவை பற்றும் நீரின் பரப்பு 40 சதுர அடியாகும். கலம் நின்ற நிலையில் இரண்டும் ஒரேயளவு விசையைத் தருவதற்கு, கொள்கையளவில், ஒற்றைச் சுழலுந்திக்குச் சக்கரத்தினும் 2.4 மடங்கு வலு வேண்டும். இரண்டு சுழலுந்திகளைப் பொருத்தினாலும் 1.7 மடங்கு வேண்டும். நடைமுறையிற் சக்கரத்துக்கும் இழப்புண்டு. பலகை நீரினுட் புகும்போது அதனைக் கீழ்நோக்கி அறைகின்றது. வெளியேறும்போது மேல்நோக்கி அள்ளுகின்றது. அவ்விழப்பைக் கழித்த பின்னரும், ஆழமற்ற ஆற்றில் மந்தமாகச் செல்லும் பெரும்பாரத்துக்குச் சக்கரமே ஏற்றதாயிருந்தது.

சக்கரங்களை இரு பக்கங்களிலும் அமைத்த கலங்களும் இருந்தன. ஆயினும் பக்கச் சக்கரங்கள் கலத்தின் அகலத்தைப் பெருக்கி, நீர்ப்பூட்டுகளின் ஒடுங்கிய வாயில்களில் இடரை விளைவிக்கும். ஆற்றில் மிதந்துவரும் மரங்களும் அவற்றை நேரே தாக்கும். பின்புறத்துச் சக்கரத்துக்கோ கலத்தின் உடலே கேடயமாகின்றது.

உடலும் சுக்கானும்

பின்சக்கரக் கலத்தின் உடல் தட்டையான அடியை உடையது, ஆழம் குறைந்தது, நீளமும் அகலமும் மிக்கது. இத்தகைய ஆழமற்ற உடல், மெல்லிய பலகையைப் போல, எளிதில் வளையக்கூடியது. சக்கரத்தின் பாரம் உடலுக்கு வெளியே, பின்னோக்கி நீண்ட உத்திரங்களில் தங்கியிருப்பதால் பின்பகுதி கீழே தாழ முயலும். இதனைத் தடுப்பதற்கு முன்பகுதியிலிருந்து பின்பகுதி வரை, மேல்தளத்துக்கு மேலே நிற்கும் கம்பங்களின் மீதாக, இரும்புக் கோல்களைச் செலுத்தி, திருகிகளால் இறுக்கினர். பாலமொன்றின் சட்டகத்தைக் கலத்துட் பொதிந்து வைத்தது போன்றது இவ்வேற்பாடு.

நீராவிக் கலத்தில் கொதிகலன்கள் முன்புறத்திலும், எஞ்சின் உருளைகள் பின்புறத்திலும் இருந்தன. பின்புறப் பாரத்தைக் கொதிகலன்களும் அவற்றிலிருந்த நீரும் ஓரளவு சமன்செய்தன. டீசல் கலத்திற் கொதிகலன் இல்லை. ஆதலின் எஞ்சினையும் எண்ணெய்த் தொட்டிகளையும் வைக்கவேண்டிய இடத்தைப் புதிதாகக் கணித்தல் வேண்டியதாயிற்று. பழைய உடலைப் புதிய பொறிக்கு அப்படியே பயன்படுத்தியோர், கலம் முன்னே எழும்பிப் பின்னே தாழும் குறையை எதிர்நோக்கினர்.

சுக்கான்களின் அமைப்பே இக்கலத்தின் நுட்பமான பகுதியாகும். சக்கரத்துக்கு முன்னால், உடலின் பின்னோரத்தின் கீழ், பல சுக்கான்கள் ஒரே நிரையில் தொங்கும். அவை யாவும் ஒன்றாகத் திரும்பும். சக்கரத்துக்குப் பின்னாலும் துணைச் சுக்கான்களை அமைப்பதுண்டு. கலம் முன்செல்லும்போது சக்கரம் நீரைத் தன்னை நோக்கி ஈர்க்க, அந்நீர் முன்சுக்கான்களைத் தழுவி ஓடும். சக்கரம் பின்னோக்கிச் சுழலும்போதோ, அது எறியும் நீர் முழுவதும் முன்சுக்கான்களை வலிமையோடு தாக்கும். ஆகவே பின்சக்கரக் கலம் பின்னியக்கத்திலேயே மிகச் சிறப்பாகச் சுக்கானுக்கு அடங்குகின்றது.

இவ்வியல்பின் மீதே ஆற்றோட்டக் கலையின் அரிய உத்தியொன்று எழுந்தது. ஓட்டத்தோடு கீழ்நோக்கிச் செல்லும் நீண்ட தொகுதி கூரிய வளைவொன்றை அணுகும்போது, சுக்கானோட்டி முன்னியக்கத்தால் அதனைத் திருப்ப முயலார். முயன்றால் ஓட்டத்தின் வேகமும் கலத்தின் வேகமும் சேர்ந்து தொகுதியை எதிர்க்கரையில் எறிந்துவிடும். அவர் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றித் தொகுதியின் வேகத்தை ஓட்டத்தின் வேகத்தினுங் குறைப்பார். சுக்கான்களால் கலத்தின் பின்புறத்தை வளைவின் உட்கரையோடு அணைத்துப் பிடிப்பார். அப்பொழுது ஆறே தொகுதியின் தலைப்பகுதியை மெல்லத் திருப்பிக் கொடுக்கும். வளைவைக் கடந்ததும் சக்கரம் மீண்டும் முன்னோக்கிச் சுழலும். பின்னியக்கம் ஒரு நிமிடம் தாமதித்தாலும் இவ்வுத்தி பேரிடராக முடியும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

நீராவி அளித்த வசதி

நீராவித் தள்ளுகலத்தின் பொறி எளிமையானது. கலத்தின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு நீண்ட உருளை கிடையாகப் படுத்திருக்கும். உருளையினுள் இயங்கும் முசலம், மரத்தாற் செய்து இரும்புப் பட்டை கட்டிய நீண்ட இணைதண்டொன்றைத் தள்ளும். அத்தண்டு சக்கரத்தின் அச்சிலுள்ள கிராங்கைச் சுழற்றும். இரு பக்கத்துக் கிராங்குகளும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் அமைந்திருப்பதால் ஒன்று செயலற்ற நிலையில் நிற்கும்போது மற்றையது முழு விசையோடு தள்ளும். இடையே பற்சில்லும் இல்லை, கிளச்சும் இல்லை. எஞ்சினின் ஒரு சுற்று சக்கரத்தின் ஒரு சுற்றேயாகும்.

நீராவி எஞ்சின் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கத்தையும் தரவல்லது. வாயில்களின் ஒழுங்கை மாற்றினால் அதே எஞ்சின் எதிர்த்திசையில் உடனே சுழலும். மிதந்துவந்த மரமொன்று சக்கரத்திற் சிக்கினால் எஞ்சின் வெறுமனே நின்றுவிடும்; உருளையினுள் இருக்கும் ஆவி ஒரு மெத்தை போல அதிர்ச்சியை ஏற்கும். மரத்தை அகற்றியதும் மீண்டும் இயங்கும்.

இவ்வசதிகளுக்கு மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. கொதிகலனுக்கு ஆற்றின் வண்டல்நீரே ஊட்டப்பட்டது. சேறு படிந்த தகடு வெப்பத்தால் நலிந்து வெடித்த விபத்துகள் பல. மெம்பிசு நகருக்கு அருகே 1865 ஆம் ஆண்டு ஏப்பிரில் 27 ஆம் திகதி 'சுல்தானா' என்னும் பயணிகள் கலத்தின் கொதிகலன்கள் வெடித்து 1,100 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். விபத்து நேராத நாட்களிலும், உலையின் முன்னின்று இரவும் பகலும் நிலக்கரி அள்ளிப் போடும் தொழிலாளர் பலர் தேவைப்பட்டனர். அவர்களது உழைப்பால் விளைந்த வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூடச் சக்கரத்தைச் சென்றடையவில்லை.

டீசலின் வருகை

உரூடோல்வ் டீசலின் எஞ்சின் செருமனியின் ஆக்சுபேர்க் நகரில் 1897 ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயங்கியது. அதன் அமெரிக்க உரிமையைப் பெற்றவர் மிசிசிப்பிக் கரையிலுள்ள சென் லூயிசு நகரத்துப் பியர் வடிசாலை அதிபர் அடோல்பசு புசு என்பவராவர். 1898 ஆம் ஆண்டிலேயே அந்நகரின் வடிசாலையில் அத்தகைய எஞ்சினொன்று இயங்கியது. கரையில் இயங்கிய எஞ்சின் ஆற்றில் இறங்குவதற்கோ மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

டீசல் எஞ்சினின் நன்மைகள் வெளிப்படையானவை. எண்ணெயின் வெப்பத்தில் நூற்றுக்கு முப்பது பங்களவைப் பயனுள்ள வேலையாக மாற்றும் திறன் அதற்குண்டு. ஒரே எடை நிலக்கரியினும் எண்ணெய் மிகுந்த வெப்பத்தைத் தருவது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், ஒரு தொன் எண்ணெய் ஆற்றும் வேலைக்குப் பழைய நீராவிக் கலம் நான்கு தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியை எரித்தது எனலாம். கொதிகலன் இன்மையால் வெடிக்கும் அச்சம் நீங்கியது. நிலக்கரி ஏற்றும் தாமதம் ஒழிந்தது. கலத்தின் பாரம் குறைந்து நீரில் அமிழும் ஆழமும் குறைந்தது. உலையின் முன் நின்ற தொழிலாளருக்கோ கொடிய உழைப்பும் ஒழிந்தது. கூடவே வேலையும் ஒழிந்தது.

ஆனால் டீசலுக்கு இரு குறைகள் இருந்தன. முதலாவது, அது விரைந்தே சுழல வேண்டியது. மிக மெதுவாகச் சுழன்றால் அமுக்கிய காற்றின் வெப்பம் எண்ணெயைப் பற்றவைக்கப் போதாது. இரண்டாவது, நின்ற நிலையில் அதற்கு முறுக்கமே இல்லை. பிறிதொரு விசை அதனைச் சுழற்றித் தொடக்கிவைத்தல் வேண்டும். மந்தமாகச் சுழல்வதும், இடையறாது நின்று திரும்புவதுமே பின்சக்கரத்தின் இயல்பு. ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு பொறிகளையும் இணைப்பதே அமைப்பாளருக்கு வாய்த்த வேலையாயிற்று.

இடைப்பொறியின் சிக்கல்

நிமிடத்துக்கு 300 முறை சுழலும் 200 பரிவலு எஞ்சினை நிமிடத்துக்கு 20 முறை சுழலும் சக்கரத்தோடு இணைப்பதாகக் கொள்வோம். வேகம் பதினைந்தில் ஒன்றாகக் குறைதல் வேண்டும். இழப்பை நீக்கிக் கணித்தால், எஞ்சினின் அச்சில் 3,500 இறாத்தல்-அடி அளவான முறுக்கம் சக்கரத்தின் அச்சில் 52,500 இறாத்தல்-அடியாகப் பெருகும். சக்கர அச்சிலுள்ள பற்சில்லின் ஆரை 4 அடியாயின் அதன் பற்களில் ஏறத்தாழ 6 தொன் விசை ஓயாது அழுந்தும்.

இவ்விசை சீரானதாயும் இராது. பதினாறு பலகைகளையுடைய சக்கரம் நிமிடத்துக்கு 20 முறை சுழலும்போது செக்கனுக்கு ஐந்துக்கு மேற்பட்ட அறைகள் நீரில் விழும். ஒவ்வோர் அறையும் அச்சின் வழியே வந்து பற்களை உலுக்கும். அத்துடன் சக்கரத்தைத் தாங்கும் நீண்ட உத்திரங்கள் பாரத்தினால் சிறிதளவு வளைந்துகொடுப்பன. எஞ்சின் உடலின் நடுவிலும் சக்கரம் வளையும் உத்திரத்தின் நுனியிலும் இருக்க, இரண்டையும் இணைக்கும் பற்சில்லுகள் எப்பொழுதும் நேர்வரிசையில் நிற்பதில்லை. நேர் தவறிய பல் விரைவில் தேயும். தேய்ந்த பல் முறியும்.

இதற்குப் பல தீர்வுகள் கையாளப்பட்டன. சிறிய கலங்களிற் பட்டைகளும் சங்கிலிகளும் பயன்பட்டன. சங்கிலி சிறிதளவு நேர் தவறுதலைப் பொறுக்கும். அறையின் அதிர்ச்சியையும் ஓரளவு ஏற்கும். ஆனால் அது நீண்டுபோகும். அடிக்கடி இறுக்குதல் வேண்டும். பிறிதொரு முறையில், பற்சில்லுத் தொகுதியைக் கலத்தின் உறுதியான உடலினுள் வைத்து வேகத்தைக் குறைத்து, அங்கிருந்து நீராவிக் கலத்தின் பழைய இணைதண்டுகளையும் கிராங்குகளையும் கொண்டே சக்கரத்தைச் சுழற்றினர். உத்திரம் வளைந்தாலும் நீண்ட இணைதண்டு அதனைப் பொறுத்துக்கொள்ளும். புதிய பொறியின் குறையைப் பழைய பொறியின் உறுப்பொன்று தீர்த்துவைத்த இச்செயல் நோக்கற்பாலது.

சிக்கும் மரத்துக்கும் வழி காண வேண்டியிருந்தது. நீராவி எஞ்சினைப் போல டீசல் எஞ்சின் பணிந்து நில்லாது. சுழலும் அதன் பாரச்சில்லின் உந்தம் முழுவதும் பற்களின்மீது பாயும். ஆகவே முதலில் முறிய வேண்டியது எது என்பதை அமைப்பாளர் முன்னரே தீர்மானித்தனர். துடுப்புப் பலகைகள் மரத்தாலேயே செய்யப்பட்டு, வளைந்த ஆணிகளால் சக்கரக் கைகளோடு பிணைக்கப்பட்டன. மரம் சிக்கினால் பலகை முறியும், பற்சில்லு பிழைக்கும். உடைந்த பலகைக்குப் புதியதொன்றைக் கலத்திலுள்ளோரே சிறிது நேரத்திற் பொருத்திவிடுவர். இரும்பைக் காப்பதற்கு மரத்தைப் பலியிட்ட இவ்வேற்பாடு, வலிமை குறைந்த உறுப்பும் தன் இடத்தில் இன்றியமையாதது என்பதைக் காட்டுகின்றது.

பின்னியக்கமும் அமுக்கிய காற்றும்

பின்னியக்கத்தை டீசல் எஞ்சினிற் பெறும் வழிகள் மூன்று. முதலாவது, எஞ்சினையே எதிர்த்திசையிற் சுழற்றுதல். எஞ்சினை நிறுத்தி, வாயில்களை இயக்கும் அச்சை நகர்த்தி, கலங்களிற் சேமித்த அமுக்கிய காற்றை உருளைகளுட் செலுத்தி, மறுதிசையில் தொடக்குதல் வேண்டும். பயின்ற கைகள் இதனைச் சில செக்கன்களிற் செய்து முடிக்கும். ஆனால் ஒவ்வொரு தொடக்கமும் சேமித்த காற்றிற் பங்கொன்றை விழுங்கும். நீர்ப்பூட்டொன்றை அணுகும்போது அடுத்தடுத்துப் பல முறை முன்னும் பின்னும் இயக்க நேரிடும். காற்றமுக்கி நிரப்புவதற்கு முன்னர் கலங்கள் வறிதாகுமாயின், எஞ்சின் பழுதற்றிருந்தும் தள்ளுகலம் உயிரற்ற மிதவையாகிவிடும். எனவே காற்றுக் கலங்களின் கொள்ளளவே தொகுதியின் பாதுகாப்புக்கு அளவாயிற்று. ஒவ்வொரு கட்டளைக்கும் எத்துணைக் காற்று எஞ்சியுள்ளதென்று எண்ணியவாறே எஞ்சின் அறையில் நின்றவர் கடமையாற்றினார்.

இரண்டாவது வழி, எஞ்சினை ஒரே திசையிற் சுழலவிட்டு, கிளச்சுகளாலும் பற்சில்லுகளாலும் திசையை மாற்றுதல். இது விரைவானது, காற்றை விழுங்காதது. ஆனால் பெரும்பாரத்தின் உந்தம் முழுவதையும் உராய்வால் ஏற்று நிறுத்தவல்ல கிளச்சுகள் தொடக்க காலத்தில் இருக்கவில்லை. சிறிய எஞ்சின்களுக்கே அவை பொருந்தின.

மூன்றாவது, இடையில் மின்சாரத்தைப் புகுத்துதல். எஞ்சின் மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். அம்மின்சாரம் மோட்டரைச் சுழற்றும். மின்னோட்டத்தை மாற்றினாற் திசை மாறும். உருசியாவின் வொல்கா ஆற்றில் 1903 ஆம் ஆண்டில் நோபல் சகோதரரின் நிறுவனம் ஓட்டிய 'வண்டல்' என்னும் எண்ணெய்க் கலம் இம்முறையைக் கையாண்டது. அது சுழலுந்தியால் இயங்கியதாயினும், டீசலை ஏற்ற உலகின் முதற் கலங்களுள் ஒன்றே திசைமாற்றச் சிக்கலுக்கு மின்சாரத்தை நாடியமை, அச்சிக்கலின் கடுமையை உணர்த்தப் போதுமானது. மின்னியக்கம் செம்மையானது, ஆனால் விலையும் பாரமும் மிக்கது.

எஞ்சியதொரு சான்று

டீசல் பின்சக்கரத் தள்ளுகலத்துக்குத் தக்க சான்றாக விளங்குவது 1923 ஆம் ஆண்டில் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்துப் பொயின்ற் பிளசன்ற் என்னும் ஊரில் மரியெற்றா உற்பத்தி நிறுவனம் ஒகையோவின் ஸ்ராண்டட் எண்ணெய் நிறுவனத்துக்காகக் கட்டிய கலமாகும். பின்னர் அது 'டொனால்ட் பி' எனவும் 'பார்பரா எச்' எனவும் பெயர் மாறியது. 1920களிற் கட்டப்பட்ட இத்தகைய கலங்களுள் பெரிதும் மாறுதலின்றி எஞ்சியதெனக் கருதப்பட்டு, 1989 ஆம் ஆண்டில் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. எண்ணெய் நிறுவனமொன்று, தான் விற்கும் பொருளாலேயே இயங்கும் எஞ்சினைப் பழைய சக்கரத்தோடு இணைக்கத் துணிந்ததில் வியப்பில்லை. ஆறு அக்காலத்தும் ஆழமற்றதாகவே இருந்தமையால் சக்கரத்தைக் கைவிடுவதற்கு அந்நிறுவனத்துக்கும் காரணம் இருக்கவில்லை.

அதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது 1918 ஆம் ஆண்டில் பிற்சுபேர்க் நகரிற் கட்டப்பட்ட 'டபிள்யூ. பி. சினைடர் இளையவர்' என்னும் நீராவித் தள்ளுகலம். அது 1955 ஆம் ஆண்டில் ஒகையோ வரலாற்றுச் சங்கத்துக்கு வழங்கப்பட்டு, மரியெற்றா நகரிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. இவ்விரு கலங்களின் பிறப்புக்கும் இடைப்பட்ட காலம் ஐந்தே ஆண்டுகள். ஆயினும் ஒன்றினுள் உலையும் கொதிகலனும், மற்றொன்றினுள் எண்ணெய்த் தொட்டியும் டீசல் எஞ்சினும் உள்ளன. புறத்தே நோக்குவோருக்கு இரண்டிலும் சக்கரம் ஒன்றே.

சக்கரம் மறைந்த காரணம்

பின்சக்கரத்தை வீழ்த்தியது டீசல் எஞ்சின் என்று பொதுவாகக் கூறுவர். அது முழு உண்மையன்று. முதலில் மாறியது ஆறு. ஒகையோ ஆற்றின் குறுக்கே அணைகளும் நீர்ப்பூட்டுகளும் தொடராகக் கட்டப்பட்டு, 1929 ஆம் ஆண்டில் அதன் முழு நீளத்துக்கும் 9 அடி ஆழமுள்ள வழி அமைந்தது. மேல் மிசிசிப்பியிலும் அவ்வாறான வழியை அமைப்பதற்கு 1930 ஆம் ஆண்டில் அதிகாரம் வழங்கப்பட்டு, அந்தப் பத்தாண்டிலேயே பெரும்பாலான வேலை நிறைவேறியது. 4 அடி நீருக்காக நாம் மேலே செய்த கணக்கு அத்துடன் மாறிவிட்டது. 9 அடி ஆழத்திற் பெரிய சுழலுந்திகளைப் பொருத்தலாம். அவற்றின் விரைவு டீசலின் விரைவுக்கு அண்மையானது. பற்சில்லின் வேலையும் குறைவு.

கலத்தின் அடியிற் குடைவு அமைத்து, அதனுள் சுழலுந்தியை ஓரளவு மேலே ஏற்றி வைக்கும் முறையும் கைகொடுத்தது. செருமனியைச் சேர்ந்த லுட்விக் கோட் உருவாக்கிய வளையக் குழல் 1930களில் வழக்குக்கு வந்து, சுழலுந்தியைச் சூழ்ந்து நின்று மந்த வேகத்தில் அதன் தள்ளுவிசையைப் பெருக்கியது.

இவை யாவும் முன்னியக்கத்தையே சீராக்கின. சுழலுந்திக் கலம் பின்னோக்கி இயங்கும்போது, அதன் பின்னாலுள்ள சுக்கான் பயனற்றதாகிவிடும். ஆகவே சுழலுந்திக்கு முன்னால் தனிச் சுக்கான்கள் அமைக்கப்பட்டன. பின்சக்கரக் கலத்தின் முன்சுக்கான்களே வேறு வடிவில் இங்கு மறுபிறப்பெடுத்தன எனலாம். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படைக் கலங்களுக்காகப் பெருகிய காற்றால் இயங்கும் கிளச்சுகளும் திசைமாற்றும் பற்சில்லுத் தொகுதிகளும் போரின் பின் ஆற்றுக்கு வந்தன. மணியொலியால் எஞ்சின் அறைக்குக் கட்டளையிட்டுக் காத்திருந்த சுக்கானோட்டி, தன் கையிலுள்ள நெம்புகோலாலேயே எஞ்சினை ஆளத் தொடங்கினார். பின்னியக்கத்தில் சக்கரத்துக்கிருந்த தனிச்சிறப்பு அன்றோடு முடிந்தது. சக்கரமும் தொழிலிலிருந்து நீங்கியது. 'இசுப்பிரேக்' 1948 ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றது. விக்சுபேர்க் நகரில் அருங்காட்சியகமாக நின்ற அது 1974 ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று.

முடிவுரை

இன்று மேல் மிசிசிப்பியில் ஒரு டீசல் தள்ளுகலம் ஏறத்தாழ 1,500 தொன் கொள்ளும் மிதவைகள் பதினைந்தை ஒன்றாகப் பிணைத்துத் தள்ளிச் செல்கின்றது. அதிற் சக்கரம் இல்லை. ஆயினும் சதுர முகமும், அழுத்தும் தாங்கிகளும், தட்டையான அடியும், சுழலுந்திக்கு முன்னுள்ள சுக்கான்களும், பின்னியக்கத்தால் வளைவைக் கடக்கும் உத்தியும் பின்சக்கரக் கலம் விட்டுச்சென்ற முதுசங்களேயாம்.

டீசல் பின்சக்கரத் தள்ளுகலத்தின் வரலாறு தரும் படிப்பினை ஒன்றுண்டு. எண்ணெய்ச் சிக்கனத்தை மட்டும் நோக்கியோருக்கு 1923 ஆம் ஆண்டிலேயே நீராவி தோற்றுவிட்டதாகத் தோன்றியிருக்கும். வளைவில் ஆயிரக்கணக்கான தொன் பாரத்தைப் பிடித்து நிறுத்தவேண்டிய சுக்கானோட்டிக்கோ அவ்வாறு தோன்றியிராது. ஆற்றின் ஆழம், கிளச்சின் உறுதி, சுக்கானின் இடம் ஆகிய மூன்றும் மாறும்வரை பழைய சக்கரம் தன் இடத்தைக் காத்து நின்றது அறியாமையால் அன்று, தேவையாலேயே. ஒரு பொறியைப் பழையதென விலக்குமுன், அது ஆற்றிவந்த வேலைகள் யாவற்றையும் புதியது ஆற்றுமா என்று வினாவுதல் பொறியியலாளரின் கடமையாகும். அவ்வினாவைத் தவறவிட்டால், அதற்குரிய விடையை ஆறே ஒரு வளைவில் அளித்துவிடும்.